பக்கத்தில் ஒரு ஆள்

ஆசிரியர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடும் ஜெனோவாவால் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஏ.டி.ஹெச்.டி., கவனம் ஓரிடத்தில் நிலைக்காத கோளாறு என்றார் டாக்டர். யாராவது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் அவள் பேனா ஓடியது. அதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து அம்மா லில்லி உட்கார ஆரம்பித்தாள். வேலைக்கு நீண்ட லீவு போட்டாள். தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. தான் போனை எடுத்தால் மகள் எழுந்துவிடுவாள் என்று எடுக்காமலே இருந்ததில், கூப்பிடுகிறவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

பிளஸ் டூ கணக்குப் பரீட்சையன்று பள்ளி வாசலில், வெயிலில், மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்று இன்னொரு பிள்ளையின் அம்மா கூப்பிட்டாள்.

"நான் எழுந்தா அவளும் எழுந்துருவா" என்றாள் லில்லி. அந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மணியடித்ததும் ஜெனோவா ஓடிவந்தாள். "எல்லாத்தையும் போட்டுட்டேம்மா! பக்கத்துல யாருமே இல்ல. நானே உக்காந்து போட்டேன்!" அதற்குள் தோழிகள் கூப்பிட்டார்கள். "நீ வீட்டுக்குப் போம்மா, நான் அவங்களோட வந்துடறேன்."

லில்லி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கூட்டம் கலைந்தது. எழப் பார்த்தாள், கால் மரத்துப்போயிருந்தது.

கேட்டைப் பூட்ட வந்த வாட்ச்மேன் நின்று பார்த்தார். "எல்லாப் பிள்ளைகளும் போயாச்சும்மா. நீங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

லில்லி போனை எடுத்தாள்; யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.