எல்லாருக்கும் ஒன்று

கல்யாணப் படங்களுக்கு வரிசையாக நம்பர் போட்டு, பெயர் வைத்து, ஃபோல்டருக்குள் அனுப்புவது, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பின் வேலை. அன்று வந்த நூறு படங்களும் மல்லுக்கு நின்றன.

"தாலி கட்டுற படம் நான். எனக்கு நாற்பத்தேழா?"

"சம்பந்தியம்மா படத்துக்கே தொண்ணூறா?"

லூப்புக்குப் பொறுமை போனது. "யாரும் வருத்தப்பட வேண்டாம். எல்லாருக்குமே 'படம் 1'. கிளம்புங்க!"

ஒவ்வொன்றும் குஷியாக உள்ளே போனது. அதே பெயரில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது.

கடைசியாகப் போனது, மண்டப வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளின் படம். அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"லூப் அண்ணே, நானும் ஒண்ணாம் நம்பர்னு தாலிப் படத்துகிட்ட சொல்லணும். அது எங்கே?"