ஆள் வருது

"பையை எடும்மா. மனுஷங்க நிக்கிறாங்க, பை உக்காந்திருக்கு."

குடை வைத்திருந்த பெரியவர் மறுபடியும் கேட்டார்.

"ஆள் வருது சார்," என்றாள் மகள், ஜன்னலை விட்டுத் திரும்பாமல்.

பைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தையல்காரருக்கு உடம்பு கூசியது. என்ன ஆள்? அப்பாவும் மகளுமாக வந்தது இரண்டே பேர். ஏரியைச் சுற்றி ஓடும் குட்டி ரயிலில் ஏறி, ஊர் ஊராக இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதுதான் கடைசி வண்டி, இன்னும் புறப்படவில்லை. நிற்கவே இடமில்லை.

"யாரும்மா வர்றாங்க? பாவம், வயசானவர்."

"நீங்க சும்மா இருங்கப்பா."

சும்மாதான் இருந்தார். இன்றைக்கு அவர் செய்த தப்பே அதுதான்.

மனைவி இறந்து வெகு காலமாகிவிட்டது. கடைக்கு எதிரே பட்டன் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் முதலில் நூல் வாங்கினார், பிறகு பேச்சு வாங்கினார், இப்போது அந்தப் பேச்சைக் கேட்காவிட்டால் தையல் ஓடுவதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் இதை எப்படிச் சொல்வது?

'யாரோ மாதிரி நீங்களும் வண்டியில ஏறிக்குங்க. கொஞ்சம் பழகட்டும். அப்புறம் நான் பக்குவமாச் சொல்றேன்.' இதுதான் அந்த அம்மாளிடம் சொல்லி அவர் போட்ட திட்டம்.

முதல் ஊர் மரப்பாலத்தில் பட்டன் கடை அம்மாள் தற்செயலாக எதிரே வந்தாள். அடுத்த ஊர்ப் படகுத்துறையிலும் தற்செயலாக நின்றாள்.

"அட, நீங்களும் இங்கதானா மேடம்?" என்று மகள் சிரித்தாள்.

மூவருமாக டீ குடித்தார்கள். தையல்காரர் பழக்கதோஷத்தில், "இந்தாங்க, உங்களுதுல சர்க்கரை இல்ல," என்று கோப்பையை நீட்டிவிட்டார். நல்லவேளை, மகள் ஏரியில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஊரில் மகள் மணிக்கூண்டைப் படம் எடுக்கப் போனபோது, பட்டன் கடை அம்மாள் கேட்டாள்.

"சொல்லியாச்சா?"

அவர் செருப்பைப் பார்த்தார்.

"ஊரான் துணியில கத்திரி வைக்கத் தைரியம் இருக்கு. பெத்த பொண்ணுகிட்ட வாயைத் திறக்க இல்லையா?" அவள் குரல் இறங்கியது. "பரவாயில்ல. நான் வேற பெட்டியில வந்துக்கறேன். இனிமே நூலும் வேற கடையில வாங்கிக்குங்க."

அப்போதும் அவர் சும்மாதான் நின்றார்.

வண்டி புறப்பட விசில் ஊதினார்கள்.

"எங்கம்மா உன் ஆளு? ஏரியில நீந்தி வர்றாரா?" என்றார் குடைக்காரர். யாரோ சிரித்தார்கள். அவர் தையல்காரரிடம் திரும்பினார். "பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க சார்."

தையல்காரர் தன் இடத்தையாவது கொடுத்துவிடலாம் என்று எழுந்தார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

பிளாட்பாரத்தில் பட்டன் கடை அம்மாள், இந்தப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி விறுவிறுவென்று கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

மகள் இரண்டு கைகளையும் வெளியே நீட்டி ஆட்டினாள்.

"சித்தி! அங்க எங்க போறீங்க? இங்க இடம் போட்டு வெச்சிருக்கேன், வாங்க!"

தையல்காரர் எழுந்தார். பையை எடுத்து மேலே வைத்தார். தன் இடத்தைக் குடைக்காரருக்குக் காட்டிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார்.