இறக்கம் மட்டும்

“விருந்தாளிக்கு ஊர் காட்டுறவன் தன் காலால நடக்கக் கூடாது...”

லூர்தெஸின் அப்பா இப்படி ஏதோ சொல்வார். பின்னே யார் காலால் நடப்பதாம்? அந்த மீதி வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

“அதுக்காகக் காலே இல்லாம காட்டச் சொன்னாரா அப்பா?” என்று கேட்ட லூர்தெஸ், கணவர் பல்தசார் எழுதிவைத்திருந்த தாளை மேசைமேல் அடித்தாள்.

வடக்கே மலையில் செஸ்ட்நட் தோப்பை விட்டு நகராத அவள் அண்ணன் ஃபிர்மீனோ, இவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக லிஸ்பன் வருகிறான். முப்பத்தோரு வருஷம் கழித்து. நாலே நாள். எங்கெங்கே போவது என்று திட்டம் போடுகிற வேலையைப் பல்தசார் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“முதல் நாள், டாக்ஸியில குன்று உச்சிக்கு. அங்கேர்ந்து நடந்து இறங்கறது. ரெண்டாம் நாள், டிராம்ல உச்சிக்கு. நடந்து இறங்கறது. மூணாம் நாள், ஆத்தங்கரை. ஏழு குன்று இருக்கிற ஊர்ல உங்க கண்ணுக்கு ஒரு ஏற்றம்கூடப் படலையா?”

“இறங்கும்போதுதான் லூர்தெஸ் ஆறு தெரியும். ஏறும்போது முன்னாடி போறவன் முதுகுதான் தெரியும்.”

“பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. இதென்ன, மேட்டு மேல இருக்கிற சியாடோ கடைத்தெருவுக்குப் போறதுக்கு மெட்ரோ ஸ்டேஷன்? ரயில் ஏறப் போறோமா?”

“இல்ல. கீழ் வாசல்ல நுழைஞ்சா எஸ்கலேட்டர்ல நின்னுக்கிட்டே மேல் வாசலுக்கு வந்துடலாம்.”

“நல்லா இருக்கு! முப்பத்தோரு வருஷம் கழிச்சு வர்றவனுக்கு எஸ்கலேட்டர் காட்டப் போறாராம். கோட்டை எங்கே?”

“எதிர்க் குன்றிலேர்ந்து பார்க்கிறோம். அங்கேர்ந்துதான் அழகு.”

“விருந்துக்கு வந்தவனுக்கு ஜன்னல் வழியா சாப்பாட்டைக் காட்டுற மாதிரி!”

பல்தசார் முட்டியைத் தடவினார். “எனக்கு முட்டி வலி.”

“எந்த முட்டி? போன வாரம் வலதுன்னீங்க. இப்போ இடதைத் தடவறீங்க. ஜூன்ல அந்தோணியார் திருவிழாவுக்குத் தெருவுல ஆடினது யார் முட்டி? தினமும் காலையில ரெண்டு மணி நேரம் காணாமப் போறீங்களே, காபிக் கடையில சீட்டாடப் போறதுக்கு மட்டும் வலிக்காதோ?”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் ரயிலிலிருந்து முதலில் இறங்கியது ஃபிர்மீனோவின் குரல்தான்.

“தங்கச்சி! என்ன இப்படிக் குண்டாயிட்டே!”

பின்னால் அவன் மனைவி தியோலிந்தா. அவன் கையில் ஒரு கனத்த பை. உள்ளே தேன் பாட்டிலும், புகை போட்ட பன்றித்தொத்திறைச்சியும். பல்தசார் அதை வாங்கப் போனார்.

“தள்ளு மாப்பிள்ளை! மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு மலை ஏறினவன் நான். இந்த லிஸ்பன்காரங்களுக்கு மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்கும்.”

வெளியே வந்ததும் பல்தசார் டாக்ஸிக்குக் கை காட்டினார். லூர்தெஸ் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“இந்தப் படி ஏறினா வீடு. கால் மணி நேரம். இவர் திட்டத்தை இன்னிக்கே கிழிக்கிறேன். வா அண்ணா!”

“அப்படிச் சொல்லு!”

“வேண்டாம் மச்சான்!”

பல்தசார் இவ்வளவு சத்தமாகப் பேசி லூர்தெஸ் கேட்டதில்லை. ஆனாலும் அவள் நிற்கவில்லை. ஃபிர்மீனோ அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தான்.

இருபது படி தாண்டியிருக்கும். ஃபிர்மீனோ நின்றான். ஒரு வீட்டின் சுவரில் நீலப் பீங்கான் ஓடு பதித்திருந்தார்கள். அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டான்.

“நல்ல ஓடு...” என்றான். “நீலத்துல... நல்ல...”

அடுத்த சொல்லுக்கு மூச்சு வரவில்லை.

லூர்தெஸ் பதறி ஓடப் பார்த்தாள். தியோலிந்தா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“போகாதே. இதயம். ஏற்றமே கூடாதுன்னுட்டார் டாக்டர். உனக்குத் தெரிஞ்சா அழுவே, உன்கிட்ட சொன்னா வரவே மாட்டேன்னு இவர் ஒரே பிடிவாதம். உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். ரெண்டு வாரமா தினமும் காலையில ஒவ்வொரு வழியா நடந்து பார்த்துட்டுப் போன் பண்ணுவார். எங்கே படி, எங்கே பெஞ்சுன்னு.”

லூர்தெஸ் திரும்பிப் பார்த்தாள். கீழே, படிக்கட்டின் அடியில், பல்தசார் ஒரு டாக்ஸியை நிறுத்தி அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலைச் சரி செய்துகொண்டாள்.

“அண்ணா, கோவிச்சுக்காதே. இவரால ஏற முடியாது. முட்டி வலின்னு காலையிலேயே சொன்னார், நான்தான் கேட்கல. டாக்ஸியிலயே போயிடலாம்.”

சுவரிலிருந்து கையை எடுக்க ஃபிர்மீனோவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மெல்ல இறங்கினான். கீழே வருவதற்குள் பழைய சிரிப்பும் வந்துவிட்டது.

“லிஸ்பன்காரன் புத்தியைக் காட்டிட்டியே மாப்பிள்ளை! உன்னால நாலு நாளும் நான் டாக்ஸியில சுத்தணுமா?”

“மன்னிக்கணும் மச்சான்.”

“சரி, சரி, வயசாகுதுல்ல. எந்த முட்டி?”

பல்தசார் விழித்தார். அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்ற லூர்தெஸ், தன் இடது முட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

நாலு நாளைக்கும் இடது முட்டிதான் என்று முடிவு செய்தார் பல்தசார்.