இலைவாய் குறைந்த கன்று

றிபாவின் பல்கலைக்கழகப் பட்டம், முற்றத்தில் நின்ற இரண்டு தேக்கங்கன்றுகளை நம்பியிருந்தது. ஒன்று சாதாரணக் கன்று. மற்றதில் மாற்றப்பட்ட மரபணு, இலை நீரை வெளிவிடும் நுண்துளைகளான இலைவாய்களைக் குறைத்துவிடும். ஒரு மாதமாக இரண்டுக்கும் தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது. சாதாரணக் கன்று வாடிவிட்டது. மற்றதோ ஒரு சாண் வளர்ந்திருந்தது.

பார்வையிட வந்த விரிவுரையாளர் ஷிப்லி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இலைவாய் குறைஞ்சா தண்ணி மிச்சமாகும், வளர்ச்சி குறையும். இது எப்பிடி வளந்த? ஆரும் தண்ணி ஊத்தினயா?"

"இல்ல சேர். வாப்பாட்டயும் கேளுங்க."

"வல்லாஹி, ஒரு சொட்டும் ஊத்தல்ல," என்றார் வாப்பா மக்கீன். "ஊத்தினா சோறில்லையெண்டு மகள் சொல்லிட்டா."

ஷிப்லி மனம் நெகிழ்ந்தார். "அப்ப இது புதுக் கண்டுபிடிப்புத்தான்," என்று அறிக்கையில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார். றிபா அறிக்கையை நீட்டிப் பிடித்தாள்.

பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு ஒலித்தது.

"சேர், கை, முகம், கால் கழுவி வுழு எடுத்துட்டு எழுதுங்களன்," என்று மக்கீன் தண்ணீர் வாளியைத் தூக்கினார். "அந்தப் பச்சைக் கன்றடிக்கு வாங்க. ஒரு மாசமா அஞ்சு நேரமும் நான் அங்கதான் வுழு எடுக்கிற. மத்தக் கன்றடியில ஒரே எறும்பு."