வாசலைப் பார்த்த ஜன்னல்

“மாமி, வயசு போன ஆளுக்கு அறையில என்னென்ன வேணும்? நீங்க சொல்லுங்க, மேசன் அப்பிடியே செய்வாரு.”

தன் வீட்டோடு சேர்த்துக் கட்டும் புது அறையைக் காட்டி, கடைசி மருமகள் ஹிமாயா கேட்டதும் சரீபாவுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கேட்கவும் ஆள் பார்த்தாளே இவள்!

கல்முனைப் பக்கத்தில் வீடு என்றால் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவார். வயது போன தாய் மகளோடு இருந்துகொள்வாள். சரீபாவுக்கோ மூன்றும் ஆண். மூன்று பேரும் மூன்று வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போயாச்சு. கடைக்குட்டி நிப்றாஸ் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, சீனி வருத்தத்துக்கு மருந்துக் குளிசை கொடுத்து, அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவான்.

ஒரு தடவை அவன், “எங்களோட வந்து இரிங்களன் உம்மா” என்று கேட்டான். “மருமகள் வீட்டுல போய்க் கிடக்க எனக்கென்ன தலைவிதியா?” என்று வீம்புக்குச் சொல்லிவிட்டாள். அவன் பிறகு கேட்கவேயில்லை. இன்னொரு தரம் கேட்கமாட்டானா என்று இரண்டு வருடமாக ஏங்கிக் கிடக்கிறாள்.

அவனுடைய மாமியார், ஹிமாயாவின் உம்மா ஸைனம்பு போன மாதம்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இந்தா, உடனே அறை எழும்புகிறது. மகளைப் பெற்றவள், கொடுத்து வைத்தவள்!

“பாத்ரூம் அறையோட சேந்திரிக்கணும் புள்ள” என்றாள் சரீபா. “படி வேணா, கால் தூக்க ஏலாது. சுவருல புடிக்கக் கம்பி. தொழுகைக்கு இருந்துக்கிட்டு ஒளு செய்ய ஒரு கட்டு, கைக்கெட்டுற மாதிரி பைப்பு. லைட்ட கட்டில்ல கிடந்துக்கிட்டே போடணும்.”

“எழுதி வெச்ச மாதிரிச் சொல்றீங்களே மாமி!”

எழுதித்தான் வைத்திருந்தாள், மனசுக்குள். முழங்கால் பிடித்து எழும்ப முடியாத விடியற்காலைகளில் தனக்கென்று கட்டிப் பார்த்த அறை அது.

பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த குணம் மேசன், ஜன்னலுக்கு விட்ட இடைவெளியைக் காட்டினார். “இது சரியா அம்மா? கட்டில்ல கிடந்தா வாசல் கேட் தெரியும்.”

சரீபா அங்கே நின்று பார்த்தாள். கேட் தெரிந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு நிப்றாஸின் மோட்டார்சைக்கிள் வருகிற பாதை தெரிந்தது. வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதுவான். சின்ன வயதில் கடலில் குளித்துவிட்டு வந்தாலும் அப்படித்தான் கோதுவான். இனி அதை ஸைனம்பு தினமும் கட்டிலில் கிடந்தபடியே பார்ப்பாள். பெற்றவளுக்கு வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம்!

யா அல்லாஹ், எனக்கு இவ்வளவு பொறாமையா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அடச்சிருங்க தம்பி. கடல் காத்து நேரா அடிக்கும், வயசு போன ஒடம்புக்கு ஆகா. பின்வளவைப் பாத்து சின்னதா ஒண்டு வெச்சாப் போதும்.”

“நல்ல வெளிச்சம் வாற இடம் மாமி...” என்று ஹிமாயா இழுத்தாள்.

“கேட்டீங்க, சொன்னன். பொறகு ஒங்கட இஷ்டம்.”

“இல்ல இல்ல, மாமி சொன்னாச் சரி. அடச்சிருங்க அண்ணன்.”

குணம் கல் வைக்கத் தொடங்கினார். ஒரு வரி, இரண்டு வரி. கேட் மறைந்தது. பாதையும் மறைந்தது.

விறாந்தையில் ஹிமாயா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி சரீபா உட்கார்ந்திருந்தாள். ஸைனம்பு நொண்டிக்கொண்டே வட்டிலப்பத் தட்டோடு வந்தாள். சொந்த அக்காவைக் கூப்பிடுவதுபோல “றாத்தா, றாத்தா” என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்கவே சரீபாவுக்குக் கூசியது.

“கால் எப்பிடி இரிக்கி?” என்று கேட்டு வைத்தாள்.

“அல்ஹம்துலில்லாஹ், நடக்கிறன்.”

“புது அறைக்கு எப்ப மாறப் போறீங்க?”

“நானா?” ஸைனம்பு சிரித்துவிட்டாள். “நாப்பது வருசமாக் கிடக்கிற அறைய உட்டுப்போட்டு எங்க றாத்தா போவன்? முன்னுக்கே சொன்னா நீங்க வீம்புக்கு வரமாட்டீங்களாம். கட்டி முடியிற வரைக்கும் மூச்சு உடக்கூடாதுண்டு மருமகன் சொல்லி வெச்சிரிக்காரு. என்ட வாய்தான் நிக்கிதில்ல. அது ஒங்கட அறை!”

தேத்தண்ணிக் கோப்பை உருண்டதையும் பார்க்காமல், முழங்கால் வலியையும் மறந்து சரீபா ஓடினாள்: “தம்பி குணம், சாந்து காயமுன்ன அந்தக் கல்லெல்லாத்தையும் எடுங்க!”