ஊசிக்குத் தகுதி

உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு மனிதனை வரிசையிலிருந்து வெளியே அனுப்புவார்கள் என்று சின்னையன் கனவிலும் நினைக்கவில்லை.

முதலமடை பள்ளிக்கூடத்தில், பெரியவர்களுக்கு டி.பி. வராமல் தடுக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்த குழந்தைக்குப் போடும் அதே பி.சி.ஜி. தான். ஆனால் எல்லோருக்கும் கிடையாது. வயசு அறுபது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை இருக்க வேண்டும், பீடி சிகரெட் பழக்கம் இருக்க வேண்டும், அல்லது டி.பி. வந்தவரோடு நெருங்கி இருந்திருக்க வேண்டும்.

நர்ஸ் யோகப்பிரியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் சின்னையன். அப்படியானால் போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள்.

பத்து ஏக்கர் மாந்தோப்புக்காரர். ஊரே தோளைத் தேய்த்துக்கொண்டு திரும்பும்போது அவர் மட்டும் சும்மா போவதா? பக்கத்துத் தோப்பு காளிச்சாமி வேறு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "ஏனுங்க, உங்களுக்கு இல்லீங்களாமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அரை மணி நேரத்தில் சின்னையன் ஜாதகத்தோடு வந்தார். அதன்படி வயசு அறுபத்தொன்று. ஆதார் ஐம்பத்தெட்டை விட்டு நகரவில்லை.

திரும்ப வீட்டுக்குப் போய், மறையூர் வெல்லம் நாலு உருண்டை தின்றுவிட்டு வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார். சர்க்கரையும் ஆதார் மாதிரியே அசையவில்லை.

கடைசியாக, மாங்காய் லாரி டிரைவரிடம் ஒரு பீடி வாங்கி, யோகப்பிரியாவின் ஜன்னலுக்கு நேராக நின்று இழுத்தார். ஒரே இழுப்புதான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேட்டி நழுவியது. இருமல் நின்றபாடில்லை.

யோகப்பிரியா ஓடிவந்து முதுகைத் தட்டினாள். ஊசி போடவில்லை. எதற்கும் காலையில் சளி எடுத்து வந்து சோதித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

டப்பாவோடு வீட்டுக்கு வந்தவர் கண்ணில், டி.வி. மேல் இருந்த அட்டை பட்டது. ஊசி போட்டதற்கான அட்டை. பேர், கமலாத்தாள். அவர் மனைவி.

காலையிலேயே போய்ப் போட்டுக்கொண்டாளாம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயசுதான். சர்க்கரை இல்லை. சின்னையன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மிச்சம் இருந்ததை நினைத்ததும் நேரே அடுப்படிக்குப் போனார்.

"அம்மிணி, நீ பீடி குடிப்பியா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொக்கையனை நெனப்பிருக்குதுங்களா?"

இருந்தது. மாங்காய் பறிக்க வந்துகொண்டிருந்தவன். போன வருசம் டி.பி. என்று தெரிந்த அன்றே, இனிமேல் தோப்புப் பக்கம் தலை காட்டாதே என்று அவனைத் துரத்தியவர் சின்னையன்தான்.

"அவனுக்குப் போக்கிடம் இல்லீங்க. தோப்புக் கடைசில, நம்ம மோட்டார் ரூம்லதான் தங்க வெச்சேன். ஆறு மாசம், ஒரு நா விடாம, முன்னால நின்னு மாத்திரை முழுங்க வெச்சேன். இப்ப நல்லாயிட்டான்."

சின்னையன் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நம்ம தோப்புலயே இருந்திருக்கான். அப்ப எனக்கும் ஊசி உண்டுல்ல?"

கமலாத்தாள் மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

"கிட்டப் போனவங்களுக்குத்தானுங்க."