கண்ணாடி போட்ட திருடன்

டால்டன் ஹ்ருஷ்காவுக்கு வேதியியலில் அறுபத்தொன்று. எந்தப் பாடத்திலாவது எழுபதுக்குக் கீழே போனால் ஃபுட்பால் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பள்ளி விதி. அடுத்த வெள்ளிக்கிழமை கார்வெல் ஊரோடு மேட்ச். பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் இது; டால்டன் பந்து வீசாவிட்டால் அவன் ஊரான ஹோலக்கின் கதி அதோகதிதான்.

அணியில் மற்ற பையன்கள் சுலபமான அறிவியல் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் வேதியியல் வகுப்பில் சேர்ந்தால்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, டால்டன் வசமாக மாட்டிக்கொண்டான். அணுக்கொள்கை சொன்ன விஞ்ஞானிக்கும் டால்டன் என்றுதான் பெயர். பொருத்தம் அதோடு சரி.

ஆசிரியை மிஸஸ் குபாலா கறார் பேர்வழி. விவாகரத்து வாங்கிய கையோடு இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஊரே மைதானத்தில் கூடும்போதும் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. ஃபுட்பால் என்று காதில் விழுந்தாலே முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை கோச் ஒரு பெட்டியில் இரண்டு டஜன் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டியைக் கொடுத்து டால்டனையே தூது அனுப்பினார். மிஸஸ் குபாலா பெட்டியைத் திறக்கவும் இல்லை.

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"லேபுக்குள்ள சாப்பாடு கூடாதுன்னு, மேம்."

"அப்புறம் என்ன? திங்கக்கிழமை டெஸ்ட்ல எண்பத்தஞ்சு வாங்கு, எழுபதைத் தொட்டுடுவே. கோச்சை நான் விசாரிச்சதாச் சொல்லு."

எண்பத்தைந்து! டால்டனுக்கு அழுகையே வந்துவிட்டது.

லேபில் அவனுக்கு ஜோடி மாரிசோல். வகுப்பில் முதல் மாணவி. மிஸஸ் குபாலாவின் செல்லம். அவள்தான் மெதுவாகக் காதைக் கடித்தாள்.

"மேம் டிராயர் பூட்டு கழண்டு கிடக்குடா. டெஸ்ட் பேப்பர் உள்ளதான் இருக்கு. நாளைக்கு மத்தியானம் அவங்களுக்கு கேன்டீன் டியூட்டி."

"நீயா இப்படிப் பேசறே?"

"கார்வெல்காரங்ககிட்ட தோத்துட்டு ஒரு வருஷம் பூரா தலை குனிஞ்சு நடக்க என்னால முடியாதுப்பா."

புதன்கிழமை மதியம் மாரிசோல் வாசலில் காவல் நிற்க, டால்டன் உள்ளே நுழைந்தான். மூன்றே நிமிடம். கேள்வித்தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தான். அவனைப் பார்த்ததும் மாரிசோல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, திருடப் போறவன் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டா போவான்?"

"மாட்டாம லேபுக்குள்ள போனா அஞ்சு மார்க் குறைப்பாங்களே!"

படத்தில் இருபது கணக்குகள் இருந்தன. விடை ஒன்றுகூட இல்லை.

"ஆன்சர் எங்க?"

"மேம் மண்டைக்குள்ள இருக்கு. போய் அதையும் படம் பிடிச்சுட்டு வா."

"நீ போட்டுக் குடு, நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"வழியைக் காட்டாத விடைக்கு முட்டைதான்னு தெரியாதா? புரியாம எழுதினே, மூணாவது வரியிலயே மாட்டிக்குவே. உக்காரு."

நான்கு நாட்கள் டால்டனின் பிக்-அப் வண்டிதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். எந்தப் பொருள் முதலில் தீர்ந்துபோகும் என்று கேட்ட கணக்கில் அவனுக்கு முழி பிதுங்கியது.

"நாப்பது ஹெல்மெட் இருக்கு, முப்பத்தஞ்சு ஜோடி ஷூ இருக்கு," என்றாள் மாரிசோல். "எத்தனை பேரை கிரவுண்டுக்கு அனுப்பலாம்?"

"முப்பத்தஞ்சு. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"அதேதான் அஞ்சாவது கணக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது கணக்கையும் யார் உதவியும் இல்லாமல் போட்டு முடித்தான். திருட்டில் இவ்வளவு உழைப்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் பேசாமல் படித்துத் தொலைத்திருக்கலாம் என்று அலுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கேள்வித்தாளைத் திருப்பினான். எண்கள் வேறு, பொருட்கள் வேறு. அவன் படம் பிடித்த கணக்கு ஒன்றுகூட இல்லை! மாரிசோலைப் பார்த்தான். அவள் நிமிரவே இல்லை. வேறு வழியில்லாமல், ஹெல்மெட்டையும் ஷூவையும் நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.

மறுநாள் மதிப்பெண் வந்தது. எண்பத்தெட்டு!

மணி அடித்து எல்லோரும் கிளம்பியதும் மிஸஸ் குபாலா இருவரையும் நிறுத்தினார்.

"டால்டன், புதன்கிழமை என் டிராயரைத் திறந்தியா?"

அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஆமா, மேம். மன்னிச்சுடுங்க."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"போ... போட்டிருந்தேன், மேம்."

"நல்லது. அப்ப மார்க் குறைக்க வேண்டியதில்ல."

மாரிசோல் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸஸ் குபாலா ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பூட்டைக் கழட்டினவதான் திரும்ப மாட்டணும்."

"கழட்டச் சொன்னது நீங்கதானே, மேம்!"

டால்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்காகவா இவ்வளவும்? உங்களுக்குத்தான் ஃபுட்பால்னாலே ஆகாதே, மேம்?"

"இப்பவும் ஆகாது." மிஸஸ் குபாலா கைப்பையைத் திறந்து, வெள்ளிக்கிழமை மேட்சுக்கு வாங்கிய முதல் வரிசை டிக்கெட்டை எடுத்து ஆசையாகத் தடவினார். "கார்வெல்காரங்களை எத்தனை பாயின்ட்ல ஜெயிப்பே?"

"ஒரு இருபது, மேம்."

"நாப்பதா ஆக்கு."

மைதானத்தில் எல்லோரும் 'கோச் ரே' என்று கூப்பிடும் கார்வெல் பயிற்சியாளரின் முழுப் பெயர் ரேமண்ட் குபாலா.